எதிரே வருபவருக்காக ஒரு நிழல்

லாரி ஹெட்லைட்டிலிருந்து ஹாலஜன் பல்பைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு இழைகள் இருக்கும். முன்னால் இருக்கும் இழைக்கு அடியில், மருந்து ஊற்றும் கரண்டி போல் குழிந்த சிறு உலோகத் தகடு ஒன்று இருக்கும். வெளிச்சத்துக்காகக் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்குள், வெளிச்சத்தை மறைப்பதற்கென்றே ஒரு பாகம். வண்டி ஓட்டுகிறவருக்கு அதனால் ஒரு மீட்டர்கூடக் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. எதிரே வருகிறவரின் கண்ணுக்காக மட்டுமே அது அங்கே இருக்கிறது. நாம் ‘டிம்’ என்று சொல்வது இந்தத் தகடும் அதற்கு மேலே எரியும் இழையும் சேர்ந்து செய்யும் வேலையைத்தான்.

இந்தத் தகடு வடசென்னைக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது. மோட்டார் ஹெட்லைட்டை வண்டியில் பொருத்தும் வேலை எண்ணூரில் தொடங்கியது சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டுகளில். ரகுநந்தன் சரண் 1948-இல் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு எண்ணூர் ஆலையிலிருந்து ஆஸ்டின் ஏ40 கார் வெளியே வந்தது. பிறகு லேலண்ட் காமெட் லாரி வந்தது. 1955-இல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955-இல்தான் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. ஹெட்லைட்டைச் சுற்றிய உலோகக் கூட்டில் இரண்டு பக்கமும் சின்னப் பைலட் லைட்டுகளோடு இருக்கும் அந்த முகத்தை நம் ஊரில் அடையாளம் தெரியாதவர்கள் குறைவு. லாரியும் புல்லட்டும் ஒரே கடற்கரைச் சாலையில், சில கிலோமீட்டர் இடைவெளியில் பிறந்தன. இரண்டும் ராத்திரியில் எதிரெதிரே சந்தித்துக்கொள்ளும் சாலையும் அதேதான்.

கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டி, அதில் வரும் அசிட்டிலின் வாயுவை ஹெட்லைட்டில் எரித்த காலத்தில் கண்கூச்சம் பெரிய பிரச்சினையாக இல்லை. மின்விளக்கு வந்து, வேகமும் கூடிய பிறகுதான் எதிரே வருபவர் தடுமாற ஆரம்பித்தார். அதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியைத் தேடியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ‘டிம்’ போட்டால் சாலை நடுவை ஒட்டிய விளக்கு அணைந்துவிடும்; ஓரத்து விளக்கின் பிரதிபலிப்பான் மட்டும் காந்த இழுப்பில் கீழே சாயும். ஒற்றைக் கண்ணோடு எதிரே வருவது காரா மோட்டார் சைக்கிளா என்று தெரியாத வண்டிகள் இப்படித்தான் சாலைக்கு வந்தன. ஜெர்மனியின் ஓஸ்ராம் 1925-இல் பைலக்ஸ் பல்பைக் கொண்டுவந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழை. பிரிட்டனும் அமெரிக்காவும் ‘டிம்’ இழையைச் சற்று இடம் மாற்றி வைத்து ஒளியைக் கீழே திருப்பின. ஐரோப்பியர்கள் அந்த இழைக்கு அடியில் தகட்டை வைத்து ஒளியை அறுத்தார்கள். நாம் முதலில் பெற்றது பிரிட்டிஷ் வழி. தகடு பின்னால்தான் வந்தது.

தகடு செய்யும் வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் உட்புறக் கிண்ணத்தை மெக்கானிக்குகள் ‘டூம்’ என்பார்கள். அது பரவளைய வடிவம். அதன் குவிமையத்தில் எரியும் இழையின் ஒளி நேராக, இணையாக வெளியேறும். அது ஹைபீம். ‘டிம்’ இழை குவிமையத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் ஒளி டூமின் மேல்பாதியில் பட்டால் கீழ்நோக்கிச் சாய்ந்து சாலையில் விழும். கீழ்பாதியில் பட்டால் மேல்நோக்கிப் போய் எதிரே வருபவரின் கண்ணில் விழும். கீழே போகும் அந்தப் பாதி ஒளியைத்தான் தகடு தடுக்கிறது. அதனால் வெளிச்சத்துக்கு மேலே ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எதிரே வருபவரின் கண் அந்த இருட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் மொத்தக் கணக்கும்.

1957-இல் ஐரோப்பாவில் இந்தக் கோட்டில் ஒரு திருத்தம் வந்தது. எதிர்வண்டி வரும் பக்கம் கோடு கிடையாக இருக்கட்டும். ஓரத்துப் பக்கம் மட்டும் 15 டிகிரி மேலே ஏறட்டும் என்றார்கள். ஓரத்தில் நடப்பவரும் சைக்கிள்காரரும் முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காக. வண்டிகளுக்கான 1958 ஜெனிவா உடன்படிக்கையின் கீழ் எழுதப்பட்ட முதலாம் எண் விதியே இந்த ஹெட்லைட் பற்றியதுதான். பிரேக்கோ டயரோ அல்ல, விளக்கு. நாடுகள் கூடிப் பேச உட்கார்ந்தபோது இதை முதலில் எடுத்தது சரியென்றே நினைக்கிறேன். பிரேக் கெட்டால் ஆபத்து முதலில் ஓட்டுகிறவருக்கு. விளக்கு கெட்டால், முன்பின் தெரியாத எதிராளிக்கு.

நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே கோடு இடது பக்கம் ஏற வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு ஹெட்லைட்டை இங்கே மாட்டினால் அந்த ஏறுமுகம் நேராக எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும். இந்த வேறுபாடு எண்ணூர்த் துறைமுகத்தில் கண்கூடு. நிசான் மைக்ரா கார்கள் 2010-இல் இங்கிருந்துதான் ஐரோப்பாவுக்குக் கப்பலேறத் தொடங்கின. பிரிட்டனுக்குப் போன காரின் ஹெட்லைட் கோடு இடப்பக்கம் ஏறியது. ஐரோப்பாவின் மற்ற பெரும்பாலான நாடுகளுக்குப் போனதில் வலப்பக்கம் ஏறியது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பழைய சில விளக்குகளில் பல்பு உட்காரும் வளையத்தைச் சற்றே திருப்பினால் இடம் வலமாகிவிடும். புதிய விளக்குகளில் அப்படி முடியாது, அச்சிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சென்னையைச் சுற்றி இந்த வேலைக்கென்றே கைதேர்ந்த ஆலைகள் வளர்ந்திருக்கின்றன. 1961-இல் தொடங்கி பாடியில் வளர்ந்த லூகாஸ்-டிவிஎஸ், ஜப்பானின் கொய்டோவோடு சேர்ந்து 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங் அவற்றில் முக்கியமானது.

சட்டமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி ஒரு மனிதரின் கண்ணையே அளவுகோலாக வைக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருப்பதாக வைத்துக்கொள், அந்தக் கண் கூசக் கூடாது என்கிறது. வாட் கணக்கு, கேண்டெலா கணக்கு எல்லாம் வேறு இடங்களில் வரும். இந்த ஒரு விதியில் மட்டும் சாலையில் ஒரு ஆள் நிற்கிறார்.

பொறியாளரும் சட்டமும் இவ்வளவு செய்த பிறகும் கடற்கரைச் சாலையில் இரவு ஏழு மணிக்கு மேல் பைக் ஓட்டுகிறவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு போவதேன்? தகடு செய்த வேலையை நாம் ஒவ்வொன்றாகக் கலைத்துவிடுகிறோம்.

முதல் கலைப்பு நல்லெண்ணத்தில் நடந்தது. ஹெட்லைட் கண்ணாடியின் மேல்பாதிக்குக் கறுப்பு அடிக்கும் பழக்கம் நினைவிருக்கும். மேல்பாதி வெளிச்சம் மேலே போகிறது, அதை மறைத்தால் கூச்சம் போகும் என்ற எண்ணம். டூமுக்குள் நடப்பதோ நேர்மாறு. சாலைக்கு இறங்கும் ‘டிம்’ ஒளி முழுக்க மேல்பாதியிலிருந்துதான் வருகிறது. கறுப்பு அடித்தவர் எதிராளியைக் காக்கும் வெளிச்சத்தை மூடிவிட்டார். ‘டிம்’ போட்டால் சாலையே தெரியவில்லை என்று ஹைபீமுக்குப் போனார். அங்கே கீழ்பாதி வழியாக நேர் ஒளி தடையில்லாமல் போனது. பிறகு கண்ணாடியின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் ஒட்டும் வழக்கம் வந்தது. ஹாலஜன் பல்பின் நுனியில் ஏற்கெனவே கறுப்புப் பூச்சு இருக்கிறது. நேராக வரும் ஒளியை அது மறைத்துவிடுகிறது. அதே இடத்துக்கு மேலே ஒட்டும் ஸ்டிக்கரால் பெரிய பயன் இல்லை.

இரண்டாவது கலைப்பு கடலிலிருந்து வருகிறது. இதைப் பற்றித்தான் வடசென்னையில் அதிகம் பேச வேண்டும் என்பது என் எண்ணம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று. அதோடு லாரிகளின் புழுதி, கரித்தூள், அனல்மின் நிலையச் சாம்பல். ஹெட்லைட் கண்ணாடியில் படியும் இந்தப் பூச்சு ஒளியைச் சிதறடிக்கிறது. கோடாக விழ வேண்டிய விளிம்பு மங்கிப்போகிறது, சிதறிய ஒளி மேலேயும் போகிறது. பாலிகார்பனேட் மூடியாக இருந்தால் வெயிலில் மஞ்சளித்து, உரசலில் சொரசொரத்து, அதே கேட்டை நிரந்தரமாக்கிக்கொள்கிறது. பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருந்தால் ஈரம் உள்ளே போய் டூமின் அலுமினியப் பூச்சை அரிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கேடு எர்த் வயரில் இருக்கிறது. உப்பு அரித்த இணைப்பில் மின்னழுத்தம் விழும். இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ மூன்றரை மடி அடுக்கில் மாறும். அதாவது மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் “வெளிச்சம் பத்தலை” என்பதுதான். கடைக்குப் போய் 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 போடுகிறார். அரித்த வயர் அப்படியே இருக்கிறது, இப்போது சூடும் ஏறுகிறது. எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியிருந்தால் பழைய பல்பே போதும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அவர்களுடைய அந்தப் பத்து நிமிட வேலைக்கு ஐரோப்பிய ஆய்வகத்தின் வேலைக்கு நிகரான மதிப்பு உண்டு.

இன்றைய பெரிய கலைப்பு எல்.இ.டி. பல்பு. எல்.இ.டி. தன்னளவில் குற்றமற்றது, ஆலையில் அதற்கென்றே வடிவமைத்த விளக்கில் கோடு கத்தியால் வெட்டியது போலத் துல்லியமாக விழும். ஹாலஜனுக்காகச் செய்த டூமுக்குள் கடையில் வாங்கிய எல்.இ.டி. பல்பைச் செருகுவதுதான் சிக்கல். ஒரு நூல் அளவு இழை இருக்க வேண்டிய இடத்தில் இப்போது பட்டையான தகட்டின் இரு பக்கமும் சில்லுகள். சில்லு இழையின் இடத்திலிருந்து சற்றே தவறினாலும் கோடு கலைந்துவிடும். ஓட்டுபவருக்கு எதிரே வெள்ளையாக ஒரு சுவர் எழும்பும், அதை அவர் நல்ல வெளிச்சம் என்று நம்புவார். எதிரே வருபவர் கண்ணுக்குள் ஒளி சிதறிப் பனிபோல் மூடும். கண்புரை தொடங்கிய பெரியவர்களுக்கு அது இன்னும் மோசம். பார்வை திரும்ப 3 நொடி ஆனாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் தூரம் பார்க்காமல் ஓட்டியதாகிறது. அந்த 50 மீட்டருக்குள் பின்விளக்கு எரியாமல் ஓரங்கட்டிய டிரெய்லர் ஒன்று நிற்பது துறைமுகச் சாலைகளில் அபூர்வமல்ல.

பாரமும் உண்டு. சரியாக வைத்த ‘டிம்’ ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் இறங்கும். ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் லாரி விளக்கின் கோடு, 50 மீட்டரில் அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். யார் கண்ணிலும் படாது. பின்னால் பாரம் ஏறி வண்டியின் முன்பக்கம் ஒரே ஒரு டிகிரி தூக்கினால் அதே கோடு 50 மீட்டரில் 1.37 மீட்டருக்கு ஏறும். பைக் ஓட்டுகிறவரின் கண் உயரம் அது. கார்களில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு சக்கரம் இருப்பது இதற்காகவே. பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் எண்ணைக் கூட்ட வேண்டும். எத்தனையோ பேர் காரை விற்கும் வரை அதைத் தொட்டதே இல்லை.

கூச்சத்தை அடியோடு ஒழிக்கும் கனவும் பழையது. 1920-களில் எட்வின் லேண்ட் ஹார்வர்டு படிப்பை விட்டுவிட்டு ஒளியை ஒரே தளத்தில் அதிரவைக்கும் தாள் செய்ய இறங்கியது ஹெட்லைட்டை மனத்தில் வைத்துத்தான். விளக்கிலும் முன்கண்ணாடியிலும் அந்தத் தாள் இருந்தால் எதிர்விளக்கு மங்கலாகத் தெரியும். ஆனால் எல்லா வண்டியிலும் ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும். பாதிக்கு மேல் ஒளியும் வீணாகும். கார் கம்பெனிகள் ஏற்கவில்லை. அந்தத் தாள் போலராய்டு கூலிங்கிளாஸாக வாழ்ந்தது. 2013-இல் ஆடி ஏ8 காரில் வந்த மேட்ரிக்ஸ் எல்.இ.டி. வேறு வழியில் அதைச் செய்கிறது. கேமரா எதிர்வண்டியைப் பார்த்து, அது இருக்கும் இடத்துக்கான சில்லுகளை மட்டும் அணைக்கிறது. 100 ஆண்டு வளர்ச்சிக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை: எதிரே வருபவர் மேல் ஒரு நிழல் விழச் செய்வது. விலையுயர்ந்த அந்தக் கார்களுக்காக எண்ணூர் சாலை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே ஓடும் லாரியிலும் பைக்கிலும் ஏற்கெனவே இருப்பதைக் கெடுக்காமல் வைத்திருந்தாலே பெரும்பகுதி கூச்சம் போய்விடும்.

எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டும்போது மட்டும் விளக்கைச் சரிசெய்துவிட்டு மறுநாள் பல்பை மாற்றும் வழக்கம் ஒழிய வேண்டும். வழக்கமான பாரத்தோடு, மட்டமான தரையில், ஒரு சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். ‘டிம்’ போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். காராகவோ லாரியாகவோ இருந்தால் இடது பக்கம் மட்டும் அது ஏறலாம். விளிம்பே தெரியவில்லை என்றால் பல்பையோ கண்ணாடியையோ மாற்றுங்கள். மேலே இருந்தால் டூமின் திருகைத் திருப்பி இறக்குங்கள்.

எதிரே வண்டி தெரிந்ததும், அவர் முதலில் அடிக்கட்டும் என்று காத்திராமல், டிம் அடியுங்கள்.