பெரிபெரி நோயும் புழுங்கல் அரிசியும்

காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. படியேறினால் நெஞ்சு படபடக்கிறது. மாலையானால் கணுக்கால் வீங்குகிறது. இத்தகைய குறைகளை நாம் எல்லோரும் வீடுகளில் கேட்டிருக்கிறோம். அவற்றிற்கு விடையும் வீட்டிலேயே கிடைத்துவிடும். ஒருவர் வாயு என்பார். ஒருவர் நடைக் களைப்பு என்பார். மற்றொருவர் கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். என் அத்தை பாதம் மரத்துப்போனதை வாயு என்றே நம்பி, மூன்று ஆண்டுகள் தைலம் தடவிவந்தார். அது நீரிழிவின் விளைவு என்று தெரிந்தபோது, கால்விரல் ஒன்றை இழக்க நேர்ந்தது. ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணத்தை விரைந்து சொல்லிவிடும் இவ்வழக்கம் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களும் இதற்கு ஆட்பட்டிருந்தனர். அந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அந்நோயின் பெயர் பெரிபெரி. 'இயலாது' என்னும் பொருளுடைய சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பர். சிலருக்குக் கால் மரத்து, தசை மெலிந்து, நடை தளரும். சிலருக்கு உடல் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் ஓய்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பெருகி, வெண்மையாகத் தீட்டிய அரிசி மலிந்தது. அக்காலத்தில் கீழ்த்திசை நாடுகளின் கப்பல்களிலும் சிறைகளிலும் படைவீடுகளிலும் இந்நோய் பலரைக் கொண்டுசென்றது.

1883ஆம் ஆண்டில் நெடும்பயணம் முடித்துத் திரும்பிய 'ரியூஜோ' என்னும் ஜப்பானியப் போர்க்கப்பலில், 376 பேரில் 169 பேர் நோயுற்றனர். 25 பேர் மாண்டனர். கடற்படை மருத்துவரான தகாகி, அடுத்த ஆண்டில் அதே வழியில் மற்றொரு கப்பலை அனுப்பி, உணவை மட்டும் மாற்றினார். அரிசியைக் குறைத்து, இறைச்சியும் பாலும் சேர்த்தார். அக்கப்பலில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதினார். அக்கருத்துப் பிழையாயினும் அவர் செய்த மாற்றம் உயிர்களைக் காத்தது.

1886ஆம் ஆண்டில் டச்சு அரசு ஜாவாத் தீவுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பியது. கிருமிகளைப் பற்றிய புதிய அறிவு உலகெங்கும் பரவிய காலம் அது. ஆதலின் இந்நோய்க்கும் ஒரு கிருமி இருக்கவேண்டும் என்று குழுவினர் முன்னரே முடிவுகட்டியிருந்தனர். அவருள் கிறிஸ்தியான் ஐக்மன் என்பவர் மட்டும் படாவியா நகரில் தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். ஒரு நாள் அவர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழலாயின. சில மாதங்களுக்குப் பின் அவை தாமாகவே தேறின. ஐக்மன் காரணத்தைத் துருவிக் கேட்டார். இராணுவ மருத்துவமனைச் சமையற்காரர் அதுவரை அங்கு மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுத்துவந்தார். புதிதாக வந்த சமையற்காரரோ, படையினரின் சோற்றைப் படையில் இல்லாத கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார்! அந்தக் கண்டிப்பே மருத்துவ உலகின் கண்ணைத் திறந்தது.

பின்னர் வோர்டர்மன் என்பவர் ஜாவாவின் 101 சிறைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36இல் பெரிபெரி இருந்தது. தவிடு நீங்காத அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே இருந்தது. எனினும் அரிசி மாவில் நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே ஐக்மன் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901இல் உண்மையை உரைத்தார்: சோற்றில் நஞ்சில்லை; உடலுக்கு இன்றியமையாத ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது.

இங்கேதான் தமிழர் வரலாற்றில் நுழைகின்றனர். மலாயாவில் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரியால் மடிந்தனர். அந்நாட்டிலேயே உழைத்த தமிழர்களை அந்நோய் அரிதாகவே தீண்டியது. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி என்பதை பிராடன் என்னும் மருத்துவர் 1907இல் நூலாகவே எழுதினார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றப் பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் அளித்தார். முதற் பிரிவில் பலர் நோயுற்று இறந்தனர். இரண்டாம் பிரிவில் புதிதாக எவரும் நோயுறவில்லை.

இதன் காரணம் என்ன? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும் அது முற்றிலும் போவதில்லை. 1926இல் ஜாவாவில் பளிங்குகளாகப் பிரித்தெடுக்கப்பட்ட அச்சத்தே தயாமின் என்னும் பி1 வைட்டமின். 1936இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கக் கற்ற நம் மூதாட்டியரின் பெயரை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை.

என் பாட்டி, வடித்த கஞ்சியை ஒருநாளும் கொட்டமாட்டார். உப்பிட்டு எங்களிடம் நீட்டுவார். கல்லூரியில் படித்த நான் முகம் சுளித்ததுண்டு. அரிசியைப் பலமுறை களைவதாலும் கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் பி1 சத்துக் கரைந்து போகிறது என்று பின்னரே பாடநூலில் படித்தேன்.

ஆயினும் கைகால் மரத்தால் கஞ்சி குடித்துவிட்டு இருந்துவிடலாம் என்று எவரும் கொள்ளவேண்டாம். மரப்பு நீரிழிவாலும் வரும். வீக்கம் இதயக் கோளாறாலும் சிறுநீரகக் கோளாறாலும் வரும். மூச்சு முட்டினாலோ, ஒரு பக்கக் கையும் காலும் திடீரெனச் செயலிழந்தாலோ ஒரு நொடியும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மற்றக் குறைகளுக்கு வீட்டில் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. குறை என்று தொடங்கியது, எப்போது மிகுகிறது, எப்போது தணிகிறது, உணவிலும் மருந்திலும் அண்மையில் என்ன மாறியது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, அத்தாளோடு மருத்துவரைக் காணுங்கள். கோழிகளின் உணவு எந்த நாளில் மாறியது என்று ஐக்மன் கேட்டதும் அத்தகைய கேள்விதான். என் அத்தையின் வீட்டில் அக்கேள்வியை அன்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.