உத்திரமேரூரும் ஊர்ப்பணக் கணக்கும்

குடவோலை என்றவுடன் உத்திரமேரூர் நம் நினைவுக்கு வரும். பள்ளிகளில் அதனைத் தேர்தலுக்குச் சான்றாகக் காட்டுகிறோம். ஆனால், ஓலை எடுக்கும் முறையைக் காட்டிலும், பொதுப்பணக் கணக்கைப் பற்றி அவ்வூர்க் கல்வெட்டுகள் கூறுவனவே இன்று நாம் ஊன்றிப் பயிலத்தக்கவை.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இவை பொறிக்கப் பெற்றுள்ளன. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்குரியவை, அஃதாவது கி.பி. 919, 921. குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளிலிருந்து தெரிந்தெடுக்கப் பெற்றோர் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றில் 360 நாள் பணியாற்றினர். யாவும் ஊர்ப்பொருள் புழங்கும் பணிகள்.

ஆகவே, எவர் பெயரை ஓலையில் எழுதலாகாது என்பதை 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. அப்பட்டியலில் பெரும்பாதகம் புரிந்தோரும் பிறர் பொருளைக் கவர்ந்தோரும் பின்னரே வருகின்றனர். முதலில் நிற்பவன் யார்? முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன்! அவன் களவு செய்தான் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கணக்குக் காட்டவில்லை என்பதே போதும். அவனோடு தந்தை, மகன், உடன்பிறந்தான், மாமனார், மருமகன், மைத்துனன், தாய்மாமன், அத்தை மக்கள் என உறவினரும் விலக்கப்பட்டனர். தான் விலகி நின்று, தன் மைத்துனனை அப்பதவியில் அமர்த்தும் சூழ்ச்சி அங்கே செல்லாது.

கணக்கெழுதுவோனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள் முன் ஒப்புவித்து, நேர்மையானவன் எனப் பெயர் பெற்ற பின்னரே அவன் மீண்டும் அப்பணிக்கு வரலாம். அவனுக்காக வேறொருவன் கணக்கை முடித்தல் கூடாது.

உத்திரமேரூர் பிராமணர் ஊர். சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே வாரியத்தில் இடம் இருந்தது. ஆதலின், அதனை இக்கால மக்களாட்சிக்கு நிகரெனப் புகழ்தல் மிகையாகும். எனினும், கணக்கைப் பற்றிய அதன் தெளிவு எக்காலத்திற்கும் உரியது.

மலேசியாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1எம்டிபி நிறுவனத்தைப் பற்றித் தலைமைக் கணக்காய்வாளர் அளித்த அறிக்கை 2016இல் அரசாங்க இரகசியமாக்கப்பட்டது. 2018 மே மாதத்தில் ஆட்சி மாறிய பின்னரே அது வெளிவந்தது. பணம் மக்களுடையது, அதன் கணக்கு மட்டும் ஈராண்டுக் காலம் மக்கள் கண்ணுக்கு எட்டவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊர்ச்சபை முதற்குற்றமாக எண்ணியது, இங்கு அரசின் காவலுக்குரிய பொருளாயிற்று!

உத்திரமேரூரைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்கள் குடத்தோடும் ஓலையோடும் பாடத்தை நிறுத்திவிடலாகாது. கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை, காட்டுவது பதவியாளரின் கடமை என்பதையும் மாணவர் நெஞ்சில் பதிய வைப்பார்களாக.