வெள்ளைக் கப்பல்கள் – 7: கொழும்பில் ஏறிய கரி

போன வாரம் ‘கான்சாஸ்’ போர்க்கப்பலை மணிலாவில் விட்டிருந்தோம். ஊருக்குள் காலரா. அக்டோபரில் வந்தபோது மாலுமிகள் யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. 1908 டிசம்பர் 1-ஆம் தேதி உலகம் சுற்றக் கிளம்பியிருந்த அமெரிக்கப் படையின் 16 கப்பல்களும் நங்கூரம் தூக்கின. சிங்கப்பூரில் நிற்காமல் நேரே கொழும்பை நோக்கி வந்தன.

“அமெரிக்கக் கப்பல் கதை நமக்கெதுக்கு சார்?” என்று திருத்தணியில் ஒரு வாசகர் கேட்டார். நியாயமான கேள்விதான். மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்க நிற்கையில் அண்ணாந்து பாருங்கள். பக்கத்து அரக்கோணத்தில், ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து பி-8ஐ விமானம் கிளம்பிப் போகும். அமெரிக்காவின் போயிங் கம்பெனி செய்தது. 2013-இல் வரத் தொடங்கியது. இந்துமாக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் வேலை. அதே கடலுக்குள் அமெரிக்கா 16 போர்க்கப்பல்களோடு முதல்முறை வந்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கான்சாஸுக்கு வருவோம். 1905 ஆகஸ்டில் அதை நீரில் இறக்கியபோது, வழக்கமான ஷாம்பெயினுக்குப் பதிலாக ஊற்றுத் தண்ணீர் பாட்டிலை உடைத்தார் ஆளுநரின் மகள். கான்சாஸ் மதுவிலக்கு மாநிலம் ஆயிற்றே! 1907 ஏப்ரல் 18-இல் பணியில் சேர்ந்தது. 16,000 டன் எடை, 12 அங்குல பீரங்கிகள் நான்கு. ஆனால் சேரும்போதே அது பழைய கப்பல். அதற்கு நாலு மாதம் முன்புதான் பிரிட்டன் ‘ட்ரெட்நாட்’டைக் பணியில் சேர்த்துவிட்டிருந்தது. அதில் அதே அளவு பீரங்கிகள் பத்து. வேகம் 21 நாட். நம்முடையது 18. இருந்தாலும் எட்டே மாதத்தில் உலகம் சுற்ற அனுப்பிவிட்டார் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்.

டிசம்பர் 13, கொழும்பு. வெள்ளை வெளேரென்று வந்து நின்ற கப்பல்களுக்கு முதல் தேவை கரி. கரி ஏற்றும் நாளில் கப்பலில் பெரியவன் சின்னவன் பேதம் கிடையாது. மூட்டையை அடித்தளத்தில் கொட்டக் கொட்டத் தூசி மேலே கிளம்பும். பற்களும் கண்களும் மட்டும்தான் தெரியும். முடிந்ததும் கப்பல் முழுவதையும் கழுவியாக வேண்டும், வெள்ளைச் சாயம் அல்லவா? கொழும்புத் துறைமுகத்தில் கரி சுமந்து பிழைத்தவர்களில் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து போன தமிழர்கள் ஏராளம்.

ரூஸ்வெல்ட் காட்ட நினைத்தது பலம். ஆனால் இந்தப் படைக்குக் கரி சுமந்து வந்த கப்பல்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் கப்பல்கள். லண்டன் ஒருநாள் கையை விரித்திருந்தால் 16 கப்பல்களும் நடுக்கடலில் இரும்புக் குவியல்தான். இதை அமெரிக்க அதிகாரிகளும் அறிந்தே இருந்தார்கள்.

தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் மாலுமிகளுக்குத் தேயிலையைப் பரிசாக அனுப்பினார். அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் மூன்று முறை அமெரிக்கர்களிடம் தோற்ற மனிதர்; பெருந்தன்மைதான். அவருடைய டம்பத்தன்னைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள் என்பதை யாரும் அந்த மாலுமிகளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 20-இல் புறப்பட்டார்கள். அடுத்தது சூயஸ். கிறிஸ்துமஸ் நடுக்கடலில் கழிந்தது. டிசம்பர் 28 விடியற்காலை 5.20 மணிக்கு இத்தாலியில் மெசினா நகரம் சில நொடிகளில் தரைமட்டமானது. பின்னாலேயே கடல் ஊருக்குள் புகுந்தது. செத்தவர்கள் 75,000 பேருக்கு மேல். கான்சாஸில் இருந்த எவருக்கும் இது தெரியாது. ஜனவரி 3-ஆம் தேதி சூயஸை எட்டியபோதுதான் தளபதி ஸ்பெரியின் கைக்குச் செய்தி வந்தது. 16 கப்பல்களில் எவை மெசினாவுக்குத் திரும்பின, கான்சாஸ் எந்தப் பக்கம் போனது? அடுத்த வாரம்.

(தொடரும்)