சிசு மரணம்: நாடுகளின் இடைவெளியும் தலைமுறைகளின் இடைவெளியும்

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் முதல் வயது நிரம்புமுன் இறப்போரின் எண்ணிக்கையே சிசு மரண வீதம். சுவீடன் 1749 முதல் நாடு முழுவதற்கும் பிறப்பு, இறப்புகளைத் தொகுத்து வருவதால் இவ்வீதத்தின் நீண்ட வரலாறு அங்கே கிடைக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு சிசு இறந்தது. அந்த 200 என்ற வீதம் 100 ஆகக் குறைய 1900 வரை ஆயிற்று. இலங்கையிலோ 1946இல் 141 ஆக இருந்த வீதம் 1953இல் 71 ஆகிவிட்டது. சுவீடனில் ஐந்தாறு தலைமுறை எடுத்த பாதிக்குறைவு இங்கே ஏழே ஆண்டில் நிகழ்ந்தது.

ஏழை நாடுகள் செல்வ நாடுகளின் பழைய காலத்தில் நிற்கின்றன, செல்வம் பெருகினால் சாவு தானே குறையும் என்ற விளக்கம் இதற்குப் பொருந்தாது. செல்வம் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்காவே சான்று. 1900இல் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தை ஐந்து வயதுக்குள் இறந்தது. அவ்வாண்டின் குடிக்கணக்கை ஆராய்ந்த சாமுவேல் பிரெஸ்டனும் மைக்கேல் ஹெய்ன்ஸும், மருத்துவர்களின் பிள்ளைகளும் ஏனையோர் பிள்ளைகளைப் போலவே இறந்ததைக் கண்டனர். வேறுபாடு மிகச் சிறிது. பாலைக் காய்ச்சுவதும் கையைக் கழுவுவதும் நோயுற்ற பிள்ளையைத் தனியே கிடத்துவதும் மருத்துவர் வீட்டிலேயே அன்று ஊன்றியிருக்கவில்லை. 1920களில்தான் அவ்வீட்டுப் பிள்ளைகள் தெளிவாக முந்தினர். தலைமுறைகளின் இடைவெளியில் பெரும்பகுதி அறிவு இல்லாமையால் வந்தது. நாடுகளின் இடைவெளியோ, இருக்கும் அறிவு தாயின் கைக்கு எட்டாமையால் வருவது.

இலங்கையில் அது எட்டியது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அம்முறையில் மருத்துவமாது கர்ப்பிணிகளை வீடு தேடிச் சென்று பதிந்தார். பிரசவம் முடிந்த பின்னும் தாயையும் சேயையும் பார்க்க வந்தார். 1931இல் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தபின், வைத்தியசாலையும் பாடசாலையும் மக்கள் தம் பிரதிநிதியிடம் கேட்டுப் பெறுபவை ஆயின. 1940களின் நடுவில் தொடங்கிய டி.டி.டி. தெளிப்பு மலேரியாவை ஒடுக்கியது உண்மை. ஆனால் மலேரியா அரிதாக இருந்த மாவட்டங்களிலும் சாவு குறைந்ததால், தெளிப்பை மட்டும் காரணமாகக் காட்ட முடியாது. இலங்கை, கேரளம், கொஸ்தாரிக்கா மூன்றையும் 1986இல் ஒப்பிட்ட ஆய்வாளர் ஜோன் கால்டுவெல் சாவுக் குறைவில் பெண்கல்விக்கு முதன்மை இடம் தந்தார்.

ஆயினும் மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்த வளர்ச்சி உரிய அளவில் சென்று சேரவில்லை. அங்கே சுகாதாரம் பெரிதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கியதைத் தொடர்ந்து வாக்கும் பறிபோனது. கேட்டுப் பெறும் வழியும் அத்துடன் அடைபட்டது. காலையில் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பரா எனும் தோட்டக் குழந்தைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் தாய் கொழுந்து பறிக்க மலையேறினாள். பால் கொடுக்க இடையில் இறங்கினால் கொழுந்தின் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான். நெருக்கமான லயன் வரிசை வீடுகளில் குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் பலருக்கும் பொது என்பதால் வயிற்றோட்டம் அறைக்கு அறை பரவியது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் சிசு மரண வீதம் 100ஐத் தாண்டியது. நாட்டின் சராசரி அப்போது ஏறத்தாழ 50. ஒரே தீவில் ஒரே ஆண்டில் காணும் இந்த வேறுபாட்டை வளர்ச்சியில் பின்தங்கிய நிலை என்று பெயரிடுவது, உரிமை மறுப்பை மறைப்பதாகும். தோட்டங்கள் அரசுடைமையாகிச் சுகாதாரப் பணிகள் விரிந்த 1980களில் இவ்வீதம் வேகமாகச் சரிந்தது.

ஒரே நாட்டுக்குள் இத்தகைய இடைவெளி இந்தியாவிலும் உண்டு. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி சிசு மரண வீதம் கேரளத்தில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43. தலைமுறைகளின் இடைவெளியும் அங்கே தெரிகிறது: தமிழ்நாட்டில் இவ்வீதம் 1971இல் 113, 2020இல் 13.

இனி எஞ்சியிருப்பது வேறுவகைச் சாவு. 2022இல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த ஏறத்தாழ 49 லட்சம் குழந்தைகளில் பாதிக்குச் சற்றே குறைவானோர் பிறந்து 28 நாளுக்குள் இறந்தவர்கள். குறைமாதப் பிறப்பும் பிறக்கும்போது மூச்சுத் திணறுவதும் முக்கியக் காரணங்கள். தடுப்பூசி முகாமால் இவற்றைத் தடுக்க முடியாது. பிரசவ வேளையில் பயிற்சி பெற்ற செவிலியர், சிசுவின் உடல் சூடு குறையாமல் காக்கும் ஏற்பாடு, முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் ஆகியவை இரவு பகல் எந்நேரமும் வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் நிலையான நிதி வேண்டும்.