காசித் தாத்தா ஏறிய கப்பல்: டி.என்.ஏ. சோதனையும் குடும்ப வரலாறும்

வடக்கே வந்து குடியேறிய தமிழர் இருவர் முதன்முறை சந்தித்தால் பேச்சு எங்கே தொடங்கும் என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே. "நீங்க எந்த ஊரு?" இதற்கு "கரோல் பாக்" என்று பதில் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "அது சரிங்க, சொந்த ஊரு?" என்று அடுத்த கேள்வி வரும். நம் தலைமுறைக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. டில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கோ அது அப்பாவின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்து. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது "சர்நேம் என்ன?" என்று கேட்டு இனிஷியலை விரித்தெழுதச் சொன்னார்கள். அந்தக் குழப்பத்தில் ஊர்ப்பெயர் உதிர்ந்து, தாத்தாவின் பெயரே குடும்பப் பெயராகிவிட்ட வீடுகள் நம் சங்கத்திலேயே எத்தனையோ!

பேரப்பிள்ளைகள் இப்போது இதே கேள்விக்கு வேறு விதமாகப் பதில் தேடுகிறார்கள். ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால் சில வாரங்களில் முன்னோர் யார் என்று கம்ப்யூட்டரில் வந்துவிடுமாம். அந்தக் குழாய் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். நான் விஞ்ஞானி அல்லன். கணக்கு இலாகாவில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் இந்தச் சோதனை ஒரு பழைய கதையைப் புரட்டிப் போட்டுவிட்டதால் சில ஆண்டுகளாக இதைப் பற்றிப் படித்துவருகிறேன்.

நம் வீட்டு வழக்கத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிற பங்காளிகள் அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று ஆண் வழியாகவே எண்ணிக்கொண்டு போகிறார்கள். ஒய் குரோமோசோமும் அப்படித்தான். தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிறவர்கள் விஞ்ஞானிகளுக்கு முன்னாலேயே ஒய் குரோமோசோமை எண்ணிவந்திருக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். (சுவீகாரம் வந்த வீடுகளில் மட்டும் கணக்கு உதைக்கும்.) இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியா என்னும் பகுதியில் உள்ள டி.என்.ஏ. இது தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் மகள்கள்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள். இந்தப் பெண் வழியை நம் வீடுகளில் யாரும் எழுதிவைத்ததே இல்லை. அம்மாவின் அம்மாவுக்கு அம்மா பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லுவோம்?

மூன்றாவது, மீதமுள்ள குரோமோசோம்கள். அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று சீட்டுக் குலுக்குவது போல் ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்துப் போடப்படுகிறவை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் பலருடைய டி.என்.ஏ. துண்டு ஒன்றுகூட இன்று நம்மிடம் இருக்காது. முதலில் சொன்ன இரண்டு வழிகளும் அந்த 1,024 இடங்களில் இரண்டே இரண்டைத்தான் காட்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் பேசினால் வம்புதான்.

வம்புக்கு உதாரணம் மதுரையிலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் அவர்கள் அந்த வட்டாரக் கிராமங்களில் இரத்த மாதிரிகள் சேகரித்து ஆராய்ந்துவந்தார். 2000களின் தொடக்கத்தில், ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியுடன் சேர்ந்து செய்த ஆய்வில், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இளைஞரிடம் 'எம் 130' என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் இருப்பது தெரியவந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து 50,000 ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ கடலோரமாக நடந்து வந்தவர்களின் அடையாளம் அது என்றார்கள். அருமையான கண்டுபிடிப்பு. 2005இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனம் தொடங்கிய ஜீனோகிராஃபிக் திட்டத்தில் இந்தியப் பகுதி ஆய்வுக்குப் பிச்சப்பன் அவர்களே பொறுப்பேற்றார். ஆனால் பத்திரிகைகள் என்ன செய்தன? 'முதல் இந்தியர் இவரே' என்று எழுதித் தள்ளிவிட்டன. அந்த அடையாளத்தின் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருக்கின்றன, மங்கோலியாவிலும் இருக்கின்றன. அந்த இளைஞருடைய ஒரே ஒரு ஆண் வழி அவ்வளவு பழையது, அவ்வளவே. அவருடைய மற்ற ஆயிரம் முன்னோரும் நம் முன்னோரைப் போலவே பல திசைகளிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள்.

அந்தப் பல திசைகளைப் பற்றி ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடத்தில் லால்ஜி சிங், நம் தமிழர் குமாரசாமி தங்கராஜ் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியாவின் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரை ஆராய்ந்ததில், நாட்டின் பெருநிலத்தில் அவர்கள் பார்த்த எந்தச் சமூகமும் கலப்பில்லாதது அல்ல என்று தெரிந்தது. வடக்கே ஒரு பழைய மூதாதையர் கூட்டம், தெற்கே இன்னொன்று. அளவு மாறுகிறதே தவிர, எல்லோரிடமும் இரண்டும் இருந்தன. (2019இல் பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ.யை வைத்து இந்தக் கணக்கை மேலும் விரித்திருக்கிறார்கள்.) என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதே குழுவினர் 2013இல் எழுதிய இரண்டாவது கட்டுரைதான். இந்தக் கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை நடந்திருக்கிறது. பிறகு கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஒருவருக்கொருவர் தாராளமாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஜனங்கள், அதற்குப் பின் அவரவர் வட்டத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள்.

சங்க மலர்களின் கடைசிப் பக்கங்களில் வரன் தேவை விளம்பரங்கள் வருவதுண்டு. அவற்றில் உட்பிரிவு வரை குறிப்பிட்டுக் கேட்கிறோம். ஆதிகாலம் தொட்டு நாங்கள் இப்படித்தான் என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கதவைச் சாத்தியதற்கு விலையும் இருக்கிறது. 260க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களை ஆராய்ந்து 2017இல் வந்த முடிவு இது: 81 சமூகங்களில், சிறு கூட்டத்திலிருந்து பெருகியதன் பாதிப்பு ஐரோப்பிய அஷ்கெனாசி யூதர்களிடம் காணப்படுவதைக் காட்டிலும் கூடுதல். பெற்றோர் இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால் அது பிள்ளையிடம் வெளிப்படுகிறது. ஆந்திரத்தைச் சேர்ந்த ஒரு சமூகத்தில் அறுவைச் சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்வதே இல்லை. அதற்குக் காரணம் இதுதான். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் முறைப்பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் நாம் இதைக் காதில் போட்டுக்கொள்வது நல்லது.

இனி எங்கள் வீட்டு விஷயம். எங்களுக்கு வட ஆற்காடு ஜில்லாவில் ஒரு கிராமம். என் தாத்தாவின் தம்பியை வீட்டில் 'காசித் தாத்தா' என்பார்கள். கலியாணமான இரண்டாம் வருஷம் அண்ணனோடு கோபித்துக்கொண்டு காசிக்குப் போய்ச் சாமியாராகிவிட்டார் என்பது கதை. என் அப்பா ரயில்வேயில் முகல்சராயில் வேலை பார்த்தபோது, விடுமுறை நாட்களில் காசிப் படித்துறைகளில் தமிழ்ச் சாமியார்களைத் தேடித் தேடி விசாரிப்பாராம்.

2018இல் நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகன் எச்சில் சோதனை செய்துகொண்டான். முடிவில் 'தென்னிந்தியர்' என்று வந்தது. இதைச் சொல்ல டாலர் எதற்கு, எங்கள் அக்காவைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பாள்! இந்தச் சதவிகிதங்கள் எல்லாம் அந்தந்தக் கம்பெனி தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்பவை; கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் உறவினர் பட்டியல் என்று இன்னொன்று வந்தது. அதில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பெண்மணி ஒருவர் 'இரண்டாம் வரிசை ஒன்றுவிட்ட உறவு' என்று காட்டியிருந்தது. எங்களுக்குத் தெரிந்து அங்கே யாருமே கிடையாது.

டர்பன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அங்கே போய்ச் சேர்ந்தது. 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். வெள்ளைக்காரன் கணக்கில் கெட்டிக்காரன். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று பேரேட்டில் ஏற்றியிருக்கிறான். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன.

டர்பன் பெண்மணியிடம் அவருடைய கொள்ளுத் தாத்தாவின் பதிவு இருந்தது. 1890களில் போனவர். அதில் கிராமத்தின் பெயரை குமாஸ்தா ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால், எந்த வரைபடத்திலும் அந்த ஊர் அகப்படாமல் அவர்கள் பல வருஷம் அலைந்திருக்கிறார்கள். அண்ணன் மகன் அதை எனக்கு அனுப்பினான். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கள் ஊர்! தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் தாத்தாவின் அப்பா பெயர். காசித் தாத்தா காசிக்குப் போகவே இல்லை.

ஒரு கணக்கு மட்டும் இடித்தது. காகிதத்தின்படி இருவரும் மூன்றாம் வரிசை உறவு. சோதனை இரண்டாம் வரிசை என்கிறது. இதற்கும் விடை மேலே சொன்ன சாத்திய கதவுதான். எங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாக மாமன் மகள், அத்தை மகள் என்று கட்டிக்கொண்டவர்கள். ஒரே மூதாதையர் பல வழிகளில் திரும்பத் திரும்ப வருவதால், பொதுவான துண்டுகள் அதிகமாகி உறவு இருப்பதைவிட நெருக்கமாகத் தெரிகிறது. கம்பெனிகளின் கணக்கு பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குப் பொருந்தி வரும். நம்மவர்கள் அது காட்டும் முறையிலிருந்து ஒரு படி தள்ளிவைத்துப் பார்ப்பதே உசிதம். காகிதம் இல்லாவிட்டால் எங்கள் விஷயம் துலங்கியிருக்காது. டி.என்.ஏ. இல்லாவிட்டால் அந்தக் காகிதம் டர்பனிலேயே கிடந்திருக்கும்.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். எண்பது வயது தாண்டிய என் அக்கா பிடி பிடி என்று பிடித்துக்கொண்டாள்: "போனவங்க கதைய எதுக்குடா இப்பக் கிளப்பற? சின்னப் பாட்டி கடைசி வரைக்கும் பூவும் பொட்டுமா இருந்து போய்ச் சேர்ந்தாங்க. அந்தாளுக்கு அங்க வேற குடும்பம் இருந்துச்சுன்னு எழுதினா அவங்களுக்கு நல்லாவா இருக்கும்?" சின்னப் பாட்டி என்பது காசித் தாத்தாவின் மனைவி. புருஷன் சாமியாராகத்தான் இருக்கிறார் என்று நம்பி நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டிலேயே இருந்தவர். அக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது. குழாயில் துப்பியது ஒருவன். வெளியே வந்தது இரண்டு குடும்பத்துக் கதை. சோதனை செய்துகொள்ளப் போகும் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது முறை.

தகவல் யார் கையில் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ட்வென்ட்டி த்ரீ அண்ட் மீ என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனியிலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 லட்சம் பேருடைய விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. வங்கிக் கணக்கு எண் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற முடியாது.

என் பங்குக்கு, வம்சாவளியைத் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் ஒரு சங்கடம். பிள்ளை பெறாதவர்கள் எந்த டி.என்.ஏ. சோதனையிலும் வர மாட்டார்கள். சின்னப் பாட்டிக்குக் குழந்தை இல்லை. அவர் இருந்தார் என்பதற்கு எங்களிடம் உள்ளது 1927ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றுதான். நாற்பது சென்ட் புஞ்சையை விற்ற பத்திரம். "காசி யாத்திரை சென்றிருக்கும்" இன்னாருடைய பாரியாள் என்று எழுதி, கீழே அவருடைய இடது கைப் பெருவிரல் ரேகை. பத்திரம் சொன்ன அந்தக் காசி யாத்திரை பொய். ரேகை நிஜம்.

டர்பன் பெண்மணி அந்தப் பத்திரத்துக்கு ஒரு நகல் கேட்டிருந்தார், அனுப்பிவைத்தேன். அவர்கள் வீட்டு வம்சாவளியில் காசித் தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் முதலில் சின்னப் பாட்டியின் பெயரையும், அதற்குக் கீழே தங்கள் கொள்ளுப் பாட்டியின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்.