எல்க் வேட்டை: கொலராடோ மலைப் பொதுநிலங்களில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் அரசு நிலங்களில், இலையுதிர் காலந்தோறும் உரிமம் பெற்று நடக்கும் வேட்டை இது. எல்க், கோவேறு கழுதையைப் போல நீண்ட காதுகள் கொண்ட மியூல் மான் ஆகிய இரண்டையும் ஒரே பயணத்தில் தேடி வருவோர் பலர். துப்பாக்கி தூக்குவது அக்டோபரிலோ நவம்பரிலோதான். வேலை அதற்கு அரை ஆண்டு முன்பே வரைபடத்தின் முன் தொடங்கிவிடுகிறது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பாவில் எல்க் என்றால் மூஸ். வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் அங்கு கண்ட வேறொரு பெரிய மானுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டனர். பூர்வகுடியினரின் சொல்லான 'வாப்பிட்டி' இன்று விலங்கியலாளர் வழக்கில் வாழ்கிறது. இலங்கையிலும் இதே கதைதான். நுவரெலியாவில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், ஈழத்தமிழர் மரை என்றும் தமிழகத்தார் கடமான் என்றும் சொல்லும் விலங்கை, தம் நூலில் எல்க் என்றே எழுதினார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விற்பனைக்காக நடந்த கட்டற்ற வேட்டையால் கொலராடோவில் எல்க் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. வயோமிங்கிலிருந்து கொண்டுவந்து விட்ட மந்தைகளின் உதவியோடு இனம் மீண்டது. இன்று அங்கே ஏறத்தாழ 2.8 லட்சம் எல்க் உள்ளன. அமெரிக்காவின் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. உரிமக் கட்டணமும், 1937 ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கப்படும் வரியும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகின்றன.

மாநிலம் எண்ணிட்ட வேட்டைப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. உரிமத்துக்கான குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் விருப்பமாகக் கேட்டது கிடைக்காதவருக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும். நல்ல பிரிவுகளுக்காகப் பல ஆண்டுகள் புள்ளி சேர்ப்பவர்கள் உண்டு. வழக்கமான துப்பாக்கிப் பருவங்கள் நான்கு. முதலாவது எல்க்குக்கு மட்டுமே என்பதால், மியூல் மானும் வேண்டுவோர் இரண்டாவதிலிருந்துதான் பார்க்க வேண்டும்; இரண்டு உரிமங்களும் ஒரே பிரிவுக்கும் ஒரே பருவத்துக்கும் பொருந்தாவிட்டால் திட்டமே கவிழும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்கு வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம். இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் துணியும், அதே நிறத் தொப்பியும் அணிய வேண்டும்.

இடத்தைத் தேர்வதில்தான் அனுபவம் பேசும். சுமார் 23 லட்சம் ஏக்கர் பரந்த ஒயிட் ரிவர் தேசியக் காட்டை எடுத்துக்கொள்வோம். சாலையோரம் கூடாரங்கள் நெருங்கி நிற்கும். முதல் நாள் வெடிச்சத்தத்திலேயே எல்க் கூட்டம் உள்ளே ஒதுங்கிவிடும். பகலில் வடக்கு நோக்கிய சரிவுகளின் அடர்ந்த ஊசியிலைக் காட்டில் படுத்திருக்கும், அந்தியிலும் விடியலிலும் புல்வெளிக்கு இறங்கும். கனத்த பனி விழுந்தால் மந்தை தாழ்வான பள்ளத்தாக்குகளை நோக்கி நகரும். அதனால் அக்டோபருக்கு ஓர் இடம், நவம்பருக்குத் தாழ்வாக இன்னோர் இடம் என்று குறித்து வைப்பது புத்திசாலித்தனம்.

உள்ளே போகப் போக எல்க் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு உள்ளே என்பதை முடிவு செய்ய வேண்டியது கால் வலிமை அல்ல, இறைச்சியின் எடை. முதிர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கிய கறியே 100 கிலோ வரை தேறும். ஒரு நடைக்கு 25 கிலோ என்றால் நான்கு நடை. சாலையிலிருந்து 5 கிலோமீட்டரில் சுட்டவர் சுமையோடு 20 கிலோமீட்டரும், இடையில் வெறுங்கையோடு 15 கிலோமீட்டரும் நடக்க வேண்டும், அதுவும் 3,000 மீட்டர் உயரத்தின் மெலிந்த காற்றில். ஃபிளாட் டாப்ஸ் போன்ற வனாந்தரப் பகுதிகளில் 1964 ஆம் ஆண்டுச் சட்டம் வாகனத்தை மட்டுமல்ல, கைவண்டியையும் தடுக்கிறது. குதிரை அல்லது கோவேறு கழுதை வாடகைக்குக் கிடைக்குமா என்பதை முன்பே விசாரிக்காமல் அங்கே சுடுவது தவறு. உண்ணத்தக்க கறியைக் காட்டில் அழுகவிடுவது சட்டப்படி குற்றமும்கூட.

சுட்டு விழுந்த பிறகு நேரம் விரைகிறது. தடித்த தோல் உடற்சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். தோலை உரிக்கத் தாமதித்தால் பின்னந்தொடையில் எலும்போரக் கறி கெட்டுவிடும். விலங்கை ஒருக்களித்துக் கிடத்தி, முதுகு வழியே தோலைக் கீறி, முன்னங்கால், பின்னந்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி என ஒரு பக்கத்தைக் கழற்றி, பிறகு புரட்டி மறுபக்கம் எடுக்கிறார்கள். வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. துண்டுகளைக் காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் போட்டு நிழலில், கிளையில் தொங்கவிடுவார்கள். பாலின அடையாளம் கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விதி; கத்தி வைக்கும்போதே அதை நினைவில் கொள்ள வேண்டும்.

மான் இனங்களைத் தாக்கும் உடல்மெலிவு நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதும் இதே மாநிலத்தில்தான்: 1967 இல் ஃபோர்ட் காலின்ஸில், ஆய்வுக்காக அடைத்து வைத்திருந்த மியூல் மான்களிடம். மூளையைச் சிதைக்கும் இந்த நோய்க்கு மருந்தில்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, என்றாலும் நோயுற்ற விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. எனவே தலையைப் பரிசோதனை மையத்தில் கொடுத்து, ஒவ்வொரு விலங்கின் கறியையும் தனித்தனிப் பொட்டலமாகப் பெயரெழுதி உறையவைத்து, முடிவு வரும்வரை அடுப்பேற்றாமல் காத்திருக்கிறார்கள்.