கண்டி விளையாட்டுக் கழகம்: ஒரு மலைநகரத்தின் றக்பி வரலாறு

கண்டி விளையாட்டுக் கழகம் 1874ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இலங்கையின் முதற்தர றக்பி லீக்கில் வழமையாக ஆடும் அணிகளில், தலைநகருக்கு வெளியே உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கி நிற்பது இது ஒன்றுதான். மற்றவை கொழும்பின் பழைய கழகங்கள், அல்லது பொலிஸ், இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகள். வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரின் பொழுதுபோக்கிடமாகத் தொடங்கிய கழகம் கண்டி நகரத்தாரின் சொந்த அணியாக மாற நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கழகம் தோன்றிய காலம் கோப்பிக் காலத்தின் கடைசிப் பகுதி. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்து மலையெங்கும் தேயிலை ஏறியது. பயிர் மாறினாலும் துரைமார் மாறவில்லை. மலைகளில் தனித்தனிப் பங்களாக்களில் வாழ்ந்த இளம் ஆங்கிலேயருக்கும் ஸ்கொட்லாந்துக்காரருக்கும் சனிக்கிழமையில் கூடி விளையாட ஓர் இடம் வேண்டியிருந்தது. அப்படி எழுந்தவைதான் திம்புளை, டிக்கோயா–மஸ்கெலியா, ஊவா, களனிப் பள்ளத்தாக்குக் கழகங்கள். திம்புளைக்காரரின் மைதானம் ராதல்லயில், டிக்கோயாக்காரரின் மைதானம் தரவளையில். இரண்டும் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வெட்டிச் சமப்படுத்திய புல்வெளிகள். பெரிய துரையும் சின்னத்துரையும் ஒரே அணியில் தோளோடு தோள் சேர்ந்து முட்டினார்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழருக்குக் கழகத்தின் உள்ளே ஏவல் வேலைதான் இருந்தது, உறுப்புரிமை இருக்கவில்லை.

றக்பி இலங்கையில் ஒழுங்காக ஆடப்பட்டது 1879இல் கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் தொடங்கிய பிறகு. ஆனால் அதை உள்ளூர்ப் பிள்ளைகளின் கைக்குக் கொடுத்தது கண்டிதான். லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் 1891இல் கண்டியில் நிறுவிய பாடசாலை, பிற்காலத்துக் கிங்ஸ்வூட் கல்லூரி, அதே ஆண்டில் றக்பியை ஆடத் தொடங்கியது. ஆட ஆளிருந்தும் எதிர்த்து ஆட இன்னொரு பாடசாலை நெடுங்காலம் இல்லை. ஏ. ஜி. பிரேசர் அதிபராயிருந்த திரித்துவக் கல்லூரி இந்த ஆட்டத்தில் இறங்கியதும்தான் 1906இல் இரண்டு கல்லூரிகளும் போகம்பரை மைதானத்தில் மோதின. நாட்டின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டி அது. 6க்கு 6 என்று சமநிலையில் முடிந்தது. சிறைச்சாலை மதிலை ஒட்டிய அந்த வெளியில் ஓடிய பையன்கள்தான் பின்னால் கண்டிக் கழகத்தின் உயிர்நாடியானார்கள். கழகத்தை ஸ்தாபித்த துரைமாரைவிட, பிளேஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியருக்கே கண்டி றக்பி கூடுதலாகக் கடன்பட்டிருக்கிறது.

இந்த இடத்தில் றக்பியின் இரண்டு கிளைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1895 ஓகஸ்டில் இங்கிலாந்தின் வடபகுதிக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்ட் நகரில் ஜோர்ஜ் ஹோட்டலில் கூடித் தாய்ச் சங்கத்தைவிட்டு வெளியேறின. அவற்றின் ஆட்டக்காரர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போகும். இழந்த கூலியைக் கழகம் கொடுக்கலாமா கூடாதா என்பதுதான் தகராறு. கொடுக்கலாம் என்றவர்கள் தனியே போய் ஆட்டத்தையும் மாற்றினார்கள். பதினைந்து பேர் பதின்மூன்றானார்கள். மடக்கிப் பிடிக்கப்பட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வார். ஆறு தடவை மடக்கப்பட்டும் புள்ளி கிடைக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. இதுவே றக்பி லீக். பணத்துக்கு ஆடுவதை ஒளிக்காத இந்த ஆட்டம் வட இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் தொழிலாளர் ஊர்களின் ஆட்டமாக வேரூன்றியது. பழைய பாதையில் நின்றது றக்பி யூனியன். 1995 வரை அங்கே சம்பளம் வாங்குவது குற்றமாக இருந்தது, வாங்கியவருக்கு ஆயுள் தடை.

லீக்கின் முதற் சர்வதேசச் சுற்றுப்பயண அணி இலங்கை மண்ணில் கால் வைத்தது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. அல்பேர்ட் பாஸ்கர்வில் திரட்டிய நியூசிலாந்து அணி, சிட்னியில் சேர்த்துக்கொண்ட டாலி மெசெஞ்சருடன், 1907இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியோடு ஆடி 33க்கு 6 என்று வென்றது. ஆடியது பழைய பதினைந்து பேர் ஆட்டம். பணத்துக்கு ஆடுகிறார்கள் என்று தங்கள் நாட்டிலேயே தூற்றப்பட்ட அந்த அணி அடுத்த கப்பலில் போய்விட்டது, அவர்களின் புதிய ஆட்டம் இங்கே தங்கவில்லை. தங்குவதற்குக் காரணமும் இல்லை. இலங்கையில் அன்று றக்பி ஆடியவர்கள் கூலி இழப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையற்ற துரைமாரும் உத்தியோகத்தரும்தானே! ஆகவே இங்கே யூனியனே வளர்ந்தது. இலங்கையில் லீக் என்று சொன்னால் அது சுற்று முறையில் நடக்கும் கழகப் போட்டியைத்தான் குறிக்கும்.

1908இல் இலங்கை றக்பிச் சங்கம் அமைந்தது. வெள்ளையர் கழகங்களில் இடம் கிடைக்காத இலங்கையர் 1922இல் கொழும்பில் சி.ஆர். கழகத்தைத் தொடங்கினார்கள். 1926இல் ஆளுநர் சேர் ஹியூ கிளிபர்ட்டின் மனைவி ஒரு கிண்ணம் கொடுத்தார். இன்றும் கிளிபர்ட் கிண்ணம் என்றே அது அழைக்கப்படுகிறது. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவத்துக்கும் இடையே பிராட்பி கேடயப் போட்டி தொடங்கியது. ஒரு சுற்று கொழும்பில், மறுசுற்று கண்டியில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி. 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணி வந்து இலங்கையை 44க்கு 6 என்று தோற்கடித்தது. அந்த இலங்கை அணியில் எஸ். நவரத்தினம் என்ற தமிழரும் ஆடினார். ஓட்டப் போட்டியில் பேர்பெற்ற அவர் சி.ஆர். கழகத்துக்காரர்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார் ஒருவர் ஒருவராகக் கப்பலேறினார்கள். மிச்சத்தை முடித்துவைத்தது காணிச் சீர்திருத்தம். 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் காணியை ஐம்பது ஏக்கருக்குள் கட்டுப்படுத்தியது. 1975இல் வந்த திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. லண்டனிலிருந்து இளைஞர்களைச் சின்னத்துரையாக எடுத்து அனுப்பும் வழக்கம் அத்தோடு நின்றது. திம்புளையும் டிக்கோயாவும் ஊவாவும் ஆட்டக்காரருக்கு எங்கே போவது? அந்தக் கழகங்கள் முன்னணிப் போட்டிகளிலிருந்து தேய்ந்து மறைந்தன. கண்டி மட்டும் விழவில்லை. அதைச் சுற்றி ஒரு நகரம் இருந்தது, நகரத்தில் பாடசாலைகள் இருந்தன. திரித்துவம், கிங்ஸ்வூட், புனித அந்தோனியார், தர்மராஜ, வித்தியார்த்த, புனித சில்வெஸ்டர் என்று ஆறு கல்லூரிகள் ஆண்டுதோறும் பதினெட்டு, பத்தொன்பது வயது ஆட்டக்காரரை உருவாக்கி அனுப்பின. தோட்டத்தை நம்பிய கழகம் தோட்டத்தோடு போனது, பள்ளிக்கூடத்தை நம்பியது நிலைத்தது.

ஆனாலும் நெடுங்காலம் இந்தப் பையன்களால் கொழும்புதான் கொழுத்தது. படித்து முடித்ததும் வேலை தேடித் தலைநகர் போனவர்கள் அங்குள்ள கழகங்களுக்கே ஆடினார்கள். பொலிசும் படைகளும் றக்பிக்காரருக்கு உத்தியோகமே கொடுத்தன. இலங்கையில் சம்பளத்துக்கு ஆடுவது என்பது முதலில் இந்த வேடத்தில்தான் வந்தது: சீருடை ஒன்று, மாதச் சம்பளம் ஒன்று, கூடவே பயிற்சிக்கு விடுப்பு. கொழும்பு வர்த்தக நிறுவனங்களும் இதையே செய்தன. பணம் கொடுப்பது அன்றைய றக்பி விதியில் குற்றம், வேலை கொடுப்பது குற்றமில்லை.

கொழும்பை நோக்கிய இந்த ஓட்டத்தைக் கண்டி திருப்பியது 1990களில். பின்னாளில் அரசியலில் பெரிய பதவிகள் வகித்த மலிக் சமரவிக்ரம அப்போது கழகத்தின் தலைமையில் இருந்தார். வசதியுள்ள ஆதரவாளர்களைத் திரட்டி, ஊர்ப் பையன்களை ஊரிலேயே நிறுத்தி வைப்பதும், வெளியூர்த் திறமைகளைக் கழகத்தின் மைதானமான நித்தவெலவுக்கு அழைத்து வருவதும் ஒரு திட்டமாகவே நடந்தது. காலமும் ஒத்துழைத்தது. 1995 ஓகஸ்டில் உலக றக்பி யூனியன் அமைப்பு, ஹடர்ஸ்பீல்ட் பிளவுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்தது. இனி ஒப்பந்தத்தை மேசைக்கு மேலேயே எழுதலாம். தொழில்முறைப் பயிற்றுநர்களும் பசிபிக் தீவுகளின் ஆட்டக்காரரும் இலங்கைக் கழகங்களுக்கு வந்தார்கள். லீக் கிண்ணம் கண்டியில் குடியேறி, ஆண்டுக்கணக்காக அங்கேயே இருந்தது.

அந்த வெற்றிக் காலத்தின் பிற்பகுதியில் கண்டி அணியின் முகம் பாசில் மரிஜா. கிங்ஸ்வூட் கல்லூரியில் கற்றவர். பத்தாம் இலக்கச் சட்டையோடு ஆட்டத்தை நடத்திக் கழகத்துக்கும் நாட்டுக்கும் தலைவரானார். ஸ்கிரமிலிருந்து பந்து வெளியே வரும் ஒரு வினாடியில், கொடுப்பதா, ஓடுவதா, உதைப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் அது. கண்டிக் கல்லூரி மைதானங்களில் சிறுவயதிலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள் பக்கத்தில் நின்றதால் அந்த முடிவு அவருக்கு இலகுவாக வந்தது என்று சொல்லலாம். 1999இலிருந்து போகம்பரையில் நடந்த எழுவர் றக்பிச் சுற்றுப்போட்டிக்குப் பிறநாட்டு அணிகளும் வந்தன. கண்டியின் பெயர் அதனால் ஆசியாவில் பரவியது. நித்தவெலவில் கண்டி ஆடும் நாளில் கட்டுகஸ்தோட்டை வீதி நெரிசலில் திணறுவது இன்றும் வழமை.

ஆனால் கண்டியின் றக்பி வடக்கே பரவவில்லை, அதற்குப் பாதை இருந்தும். கண்டியிலிருந்து புறப்படும் ஏ9 நெடுஞ்சாலை மாத்தளை, தம்புள்ளை வழியாக வந்து வவுனியாவைக் கடந்து யாழ்ப்பாணம் போகிறது. 1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தமிழர் ஆயிரக்கணக்கில் இந்த வழியாக வடக்கே வந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காடு வெட்டிக் குடியேறினார்கள். ராதல்லவும் தரவளையும் அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள்தான். மனிதர் வந்தார்கள், றக்பி அவர்களோடு வரவில்லை. துரைமாரின் விளையாட்டை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவருக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வரும் வாய்ப்பு எப்படி இருந்திருக்கும்? வடக்கின் மிசன் பாடசாலைகள் வேறு விளையாட்டுகளை வளர்த்தன. யாழ்ப்பாணம் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையிலான கிறிக்கெட் போட்டி 1904இல் தொடங்கியது. ஊர்க் கழகங்கள் உதைபந்தாட்டத்தையும் கரப்பந்தையும் பிடித்துக்கொண்டன. நெளுக்குளம் போன்ற வவுனியா ஊர்களில் மாலையில் பையன்கள் காலடியில் உருள்வது வட்டப் பந்து. நீள்முட்டைப் பந்து வடக்கில் அண்மைக்காலத்து விருந்தாளி. ஒரு விளையாட்டுப் பரவுவதற்குப் பாதையோ ஆட்களோ மட்டும் போதாது, பாடசாலை வேண்டும், கழகம் வேண்டும், ஆடி முடித்தவனுக்கு வேலை கொடுக்க ஒருவர் வேண்டும். கண்டியில் மூன்றும் இருந்தன.

2010களில் நாவலப்பிட்டியை மையமாகக் கொண்ட அப்கன்ட்ரி லயன்ஸ் சில காலம் முதற்தர லீக்கில் ஆடியது. கண்டிக்கு மலைநாட்டிலேயே ஒரு போட்டி கிடைத்தது போலத் தெரிந்தாலும் அந்த அணி நீடிக்கவில்லை. பின்னர் கொவிட் பெருந்தொற்று லீக்கை முடக்கியது, அதைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடி அனுசரணையாளரின் கையைக் கட்டியது. 2023இல், நிர்வாகத்தில் அரசு தலையிட்டது என்று கூறி உலக றக்பி அமைப்பு இலங்கைச் சங்கத்தை இடைநிறுத்தியது. இத்தனைக்குப் பிறகும் நித்தவெலவில் ஆட்டம் தொடர்ந்தது. ஒப்பந்தத்தில் ஆடும் பலர் இன்றும் பகலில் இன்னொரு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள்தான். அந்த அளவில் கண்டிக் கழகம் முழுத் தொழில்முறைக் கழகமாகவில்லை, பழைய துரைமார் கழகமாகவும் இல்லை.